சிங்கராஜா அழுத்திய சிவப்புப் பட்டன்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அதில் ஒரு நீர்நாய் குடும்பத்தோடு நிம்மதியாக வாழ்ந்து வந்தது. அடுத்தவர் நிம்மதி சிங்கராஜாவுக்கு ஆகாதே! பக்கத்துக் காட்டில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று வந்துவிட்டதாம். உடனே நீர்நாயைக் கூப்பிட்டார்.

"நமக்கும் ஒண்ணு வேணும். நல்லா அமைஞ்சா குளம் உனக்கே. சொதப்பினா பொண்டாட்டி புள்ளையோட காட்டை விட்டே கிளம்பு."

நீர்நாய் குளத்தடியில் முப்பது மோட்டார் இறக்கியது, குழாய் பதித்தது. பலமாகக் காற்றடித்தால் கூட்டம் நனைந்துவிடுமே என்று மூங்கில் உச்சியில் காற்றுமானி ஒன்றும் கட்டியது. காற்று கூடினால் தண்ணீர் தானாகவே தணிந்துவிடும்.

"திறப்பு விழாவுல பட்டனை நான்தான் அழுத்துவேன். அழுத்தின நொடியே மேளம் கொட்டணும், தண்ணி மர உயரத்துக்கு நிக்கணும்" என்றார் ராஜா.

"தண்ணி மேலே ஏற ரெண்டு நொடி ஆகும் ராஜா. மேளத்துக்கு முந்தியே வால்வைத் திறந்தாத்தான்..."

"என் காட்டுத் தண்ணி என்னையே காக்க வைக்குமா?"

நீர்நாய் பூசணிக்காய் அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன் செய்து வைத்தது. அதற்கு வயரே கிடையாது. நிஜப் பட்டனோடு தான் புதருக்குள் உட்கார்ந்துகொண்டது. ராஜா பாதத்தைத் தூக்கியதும் வால்வைத் திறந்துவிட்டால், பாதம் பட்டனில் படும்போது தண்ணீர் உச்சியில் நிற்கும். அதுதான் திட்டம்.

விழாவில் ராஜா பாதத்தைத் தூக்கினார். நீர்நாய் வால்வைத் திறந்தது. தூக்கிய பாதத்தோடு ராஜா, "இந்த நன்னாளிலே..." என்று பேச ஆரம்பித்துவிட்டார்! மைக்கைக் கண்டால் எந்தத் தலைவர்தான் சும்மா இருப்பார்? பட்டனைத் தொடுவதற்குள் தண்ணீர் விருட்டென்று எழுந்து நின்றது.

நீர்நாய்க்குப் பாதி உயிர் போய்விட்டது. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தது.

மந்திரி நரி துள்ளி எழுந்தது. "பார்த்தீங்களா! ராஜா அழுத்தக்கூட வேணாம், நினைச்சாலே போதும்!"

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. காற்றுமானி தன் வேலையைச் செய்தது. முப்பது தாரையும் ஒன்றாகத் தாழ்ந்தன.

"கும்பிடுது, ராஜாவைக் கும்பிடுது!" என்று நரி கத்தியது. கைதட்டல் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

குளம் நீர்நாய்க்கே கிடைத்தது. பட்டனை ராஜா குகைக்கு எடுத்துப் போய்விட்டார். விடிகிற நேரத்தில் அழுத்துகிறார், சூரியன் வருகிறது. மாலையில் அழுத்துகிறார், இருட்டுகிறது. அந்தக் காட்டில் ஆட்சி இவ்வளவு நன்றாக நடந்ததே இல்லை. இப்போது நரியும் தனக்கு ஒன்று கேட்டிருக்கிறது, கொஞ்சம் சின்னதாக.

நீதி: தலைவருக்குக் கொடுக்கும் பட்டன் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், வயர் மட்டும் உங்கள் புதருக்குள் இருக்கட்டும்.