சாப்பாட்டுக்கு முன்னால் நனைத்திருக்க வேண்டும்

ஒர்வியேத்தோ,
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா ஃபெதோராவுக்கு, தம்பி எர்மேத்தே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்காக வேண்டுவதை நிறுத்திவிட்டேன்.

நீ அலைந்து திரிந்து எனக்குப் பார்த்துவைத்த ஒர்னெல்லா கைவிட்டுப் போய்விட்டாள், அக்கா. தப்பு முழுக்க என்னுடையது. விதெர்போ பக்கம் ஒரு கார்டினல் அந்தக் காலத்தில் போட்ட தோட்டம் இருக்கிறதே, அங்கே கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று ரயிலும் பஸ்ஸும் மாறி அழைத்துப் போனேன். அங்கே கல் பெஞ்சுக்கு அடியில் குழாய்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள். எதிரே ஒரு கல்லை மிதித்தால் உட்கார்ந்திருப்பவர் மேல் தண்ணீர் பீய்ச்சும். கார்டினல் விருந்தாளிகளை இப்படித்தான் நனைத்துச் சிரிப்பாராம், நனைந்த பெண்கள் பக்கத்து ஆணின் கையைப் பிடித்துக்கொள்வார்களாம். தோட்டக்காரர் நெல்லோ இதைச் சொன்னதும் அந்தக் கை என் கையாகவே எனக்குத் தெரிந்தது. கெஞ்சிக் குழாயைத் திறக்கவைத்தேன். கல் எதிரே இருந்தால் கை எப்படிப் பக்கத்தில் இருக்கும் என்பது உறைக்கவில்லை.

போனவுடனே நனைத்திருக்க வேண்டும். அவளோ பசிக்கிறது என்று எலுமிச்சைத் தொட்டிகளின் நிழலில் கூடையைப் பிரித்தாள், கத்தரிக்காயும் சீஸும் அடுக்கிச் சுட்டது, நானும் வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி வாங்கித் தின்றேன், பிறகு அவள் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள், நான் மிதித்தேன், தூறல் மாதிரி வரும் என்று பார்த்தால் தீயணைப்பு வண்டி மாதிரி வந்தது, முந்தின நாள் கடையில் சுருட்டிவிட்ட முடி மொத்தமும் வழிந்து தொங்கியது. அதையாவது மன்னித்திருப்பாள். சாப்பிட்ட வயிற்றோடு நனைந்தால் ஜீரணம் நின்று ஆளே போய்விடும் என்று அம்மா நம்மைத் தண்ணீரில் இறங்கவிடாமல் கடற்கரை மணலிலேயே காயவைப்பாளே, அது எனக்கு எப்படி மறந்தது?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பிட்ட கைகூட இன்னும் காயலீங்க. ஒரு பொண்டாட்டியப் புதைச்சாச்சு, இவளையும் அனுப்பிடலாம்னு கூட்டிட்டு வந்தீங்களா?"

நெல்லோ கொடுத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ரோஸ்வித்தாவைப் புதைத்த பிறகு நான் யாரோடும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அக்கா. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கென்று அத்தான் எடுத்துவைத்த கறுப்புக் கோட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அவருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் துர்பாக்கியசாலித் தம்பி,
எர்மேத்தே

பி.கு.: உறையை ஒட்டும்போது மணி அடித்தது. ஒர்னெல்லாதான். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். சாக்கைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள், நெல்லோவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமை வெறும் வயித்தோட வாங்க. நீங்க பெஞ்சில உக்காருங்க, நான் கல்ல மிதிக்கிறேன். அப்புறம் தொண்டையில வெச்சிருக்கீங்களே, அதக் கேளுங்க" என்கிறாள். கோட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே, அக்கா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கழிந்த பிறகு அனுப்பு.