நெற்றிக்கு நேரே ஓர் ஒழுகல்

ரெட்ஃபர்ன் குடும்பம் முந்நூறு வருஷமாக இங்கிலாந்தைத் தாங்கிப் பிடித்த குடும்பம். ஒன்பது அமைச்சர்கள், மூன்று தூதர்கள், நாடாளுமன்றத்திலேயே பேசிப் பேசி மூச்சை விட்ட ஒருவர். பாவம், நாட்டைத் தாங்கிய மும்முரத்தில் வீட்டுக் கூரையைத் தாங்க மறந்துவிட்டார்கள்.

அந்தக் கூரை ஆம்புரோஸ் பிரபுவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. மாளிகையின் மற்ற நாற்பத்திரண்டு அறைகளில் ஒழுகல் இதைவிட மோசம். பிரபுவுக்கு வயது எழுபத்தெட்டு, நெஞ்செல்லாம் சளி. அடுத்த குளிர்காலத்தையும் ஈரப் படுக்கையில் கழித்தால் அதற்குப் பின் வரும் வசந்தத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். பத்து ஓடு மாற்றினால் போதும், ஆள் பிழைத்துக்கொள்வார்.

புராதனக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனுப் போட்டார். பதினோரு மாதம் கழித்து பிம்லெட் என்ற அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார். விழுந்த சொட்டு ஒன்றை நாக்கில் வாங்கி, ருசியைக் குறித்துக்கொண்டார்.

"பிரபு அவர்களே, இது சாதாரண ஒழுகல் இல்ல."

"எனக்குத் தெரியாதாய்யா? நனையறவன் நான்தானே!"

"உங்க பாட்டனாருக்குப் பாட்டனார் நிதியமைச்சரா இருந்தப்ப, இந்தச் சொட்டு நெத்தியில விழுந்து தூக்கம் கலைஞ்சுதான் 'ஏழைகள் சிக்கனமாக வாழ்வது எப்படி'ன்னு நாலு மணி நேரப் பேச்சை எழுதினார். ஒழுகல் இல்லேன்னா பேச்சு ஏது? அடைக்க அனுமதி கிடையாது."

"சரி, கட்டிலையாவது தள்ளிப் போட்டுக்கறேன்."

"அப்புறம் ஒழுகல் எதுமேல விழும்?"

"அட கடவுளே! அப்ப நான்?"

பிம்லெட் கையேட்டைப் புரட்டினார். "நெத்தியும் பரம்பரை நெத்திதானே. ஒழுகலைப் பார்க்கச் சீட்டுப் போட்டு ஜனங்களை உள்ளே விடப்போறோம்; அந்தப் பார்வையாளர் நேரத்துல மட்டும் படுத்தாப் போதும். காலை பத்துலேருந்து நாலு வரைக்கும். அந்த நீல பிளாஸ்டிக் வாளியை எடுத்துடுங்க, காலத்துக்குப் பொருந்தல."

பிரபுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "எந்த மடையன் போட்ட சட்டம்யா இது?"

வாளியை எடுக்க வந்த வீட்டு நிர்வாகி ஹெஸ்டர் நிதானமாகச் சொன்னாள். "நீங்கதாங்கய்யா."

"நானா?"

"முப்பது வருஷமாச்சு. உங்க நிலத்துல குடியிருந்த நாங்க, ஒழுகுற கூரையை மாத்திக்கிறோம்னு கேட்டோம். உங்க சன்னல்லேருந்து பார்த்தா அழகு கெட்டுப்போகும்னு மேல்சபையில எழுந்து பேசினீங்க. 'பழமையில் ஓர் ஓடும் அசையலாகாது'ன்னு. அந்தக் குளிர்லதான் எங்கம்மா நெஞ்சுச்சளியோட போய்ச் சேர்ந்தாங்க."

பிரபுவுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை என்பதால், அது வெட்கம்தானா என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகம்.

"எல்லாரும் கை தட்டினாங்களே, ஹெஸ்டர்" என்றார் பரிதாபமாக.

"ரேடியோவுல கேட்டுட்டு நாங்களுந்தாங்கய்யா தட்டினோம். அவ்வளவு நல்லாப் பேசினீங்க."

திறப்பு விழாவன்று பாழாய்ப்போன வெயில் அடித்தது. சரித்திரம் தடைபடக் கூடாது என்று, பூவாளியோடு ஓர் ஆளைக் கூரைமேல் ஏற்றியது அலுவலகம். சீட்டு வாங்கிக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. பிரபு படுத்தார். சொட்டு விழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிரபு தும்மினார், பிம்லெட் தும்மலையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு நிஜ மழையே பிடித்துக்கொண்டது. கூட்டம் ஒரே ஓட்டமாகக் கலைந்தது.

"ஏன் ஓடறாங்க?" என்று படுத்தபடியே கேட்டார் பிரபு.

"அவங்கவங்க வீட்டுல வாளி வைக்கணுமேய்யா" என்று ஹெஸ்டரும் கோட்டை மாட்டினாள். "ஒரு நல்ல சேதி. வர்ற தேர்தல்ல உங்க தம்பி மகனுக்குத்தான் மொத்த ஊரும் ஓட்டுப் போடப்போகுது."

"அவனுக்கா? அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலைங்கய்யா. ரொம்ப நல்லாப் பேசறாரு."