ஒயினைத் தூக்கிக் குடித்தவள்

ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒயின் கிளாஸை அண்ணாந்து தூக்கிக் குடித்தவள் நான். அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று என் அண்ணன் முரளி இருபது வருடங்களாகச் சொல்லி வருகிறான். முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

நாங்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்துத் தமிழர்கள். அப்பா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நந்தி மலைச் சரிவில் நிலம் வாங்கித் திராட்சை போட்டார். அந்த உயரத்தில் ராத்திரிக் குளிருக்குப் பழம் நிதானமாகப் பழுத்து, கருஞ்சிவப்பாக நிறம் ஏறும். சாணம், கோமியம், வேப்பம்புண்ணாக்கு தவிர வேறெதையும் அப்பா கொடிகளின் கண்ணில் காட்ட மாட்டார். அந்தப் பழத்தில் நாங்கள் செய்த சிவப்பு ஒயினிலும் ஒரு சொட்டு மருந்து கிடையாது. தோட்டம் அப்பாவுக்கு, பீப்பாய்கள் முரளிக்கு, பாட்டிலும் லேபிளும் வாய்ப்பேச்சும் எனக்கு. தெருவில் யார் கேட்டாலும் "திராட்சை ஜூஸ் பிசினஸ்" என்று சொல்வது அம்மாவின் இலாகா.

ருசி பார்க்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். பீப்பாயிலிருந்து பிடித்த ஒயின் அதில் கை மாறிக் கை மாறி வரும். எச்சில் படக் கூடாது என்பதால் எல்லோரும் தூக்கித்தான் குடிப்போம். (காபியையே தூக்கிக் குடிக்கிற குடும்பம், ஒயினுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?) அதை உதட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒயின் நன்றாக வந்தது, விற்பனைதான் வரவில்லை. பாட்டில்கள் சுவரோரம் அடுக்கி அடுக்கிக் கிடந்தன. அதே சமயம் ரிசார்ட் கட்டுகிற ஒருவர் பக்கத்து நிலங்களையெல்லாம் வளைத்துக்கொண்டு, எங்கள் வாசலுக்கும் வந்துவிட்டார். "ஓட்டல்காரங்க ஆர்டர் குடுத்தா தோட்டம் நிக்கும். இல்லேன்னா அந்த ஆளுக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் அப்பா, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அப்படித்தான் அப்பா, முரளி, நான் மூன்று பேரும் நகரத்துப் பெரிய ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். நான் சந்தன நிறப் பட்டுப் புடவையில் இருந்தேன். (மகாராணி என்று நினைப்பு.) சாமான் வாங்குகிற மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்தார், பெங்களூர்த் தமிழில் அன்பாகத்தான் பேசினார். எங்கள் பாட்டிலைத் திறந்து ஊற்றினார், சுழற்றினார், மோந்தார், வாயில் விட்டுக் கொப்பளித்தார். பிறகு பக்கத்திலிருந்த சின்ன வாளியில் துப்பினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒயினைச் சோதிப்பவர்கள் துப்புவது தொழில் முறை என்று எனக்கெங்கே தெரியும்? பிடிக்காமல் துப்புகிறார் என்றே நினைத்தேன்.

"சார், எங்கப்பா புள்ள மாதிரி வளத்த பழம் அது. வாய்ல வெச்சுட்டுத் துப்பறீங்களே."

"அய்யோ இல்ல மேடம், இது எங்க தொழில்ல..."

"எங்க வீட்ல யாரும் துப்ப மாட்டோம். இப்பப் பாருங்க."

எனக்கு ஊற்றி வைத்திருந்த கிளாஸை எடுத்து அண்ணாந்தேன்.

டம்ளருக்கு வெளியே மடிந்த விளிம்பு உண்டு, சாய்த்தால் தாரையாக விழும். அந்தக் கிளாஸுக்கோ பானை வயிறு, குறுகிய வாய். சாய்த்தேன், எதுவும் வரவில்லை. இன்னும் சாய்த்தேன். மொத்தமும் ஒரேயடியாக வந்தது. பாதி மூக்கிலும் கால்வாசி பட்டிலும் போக, ஒரு வாய் மட்டும் உள்ளே போய்ப் புரையேறியது. நான் இருமிய இருமலில் மேனேஜரின் வெள்ளைச் சட்டை ஹோலி கொண்டாடியது. அப்பா எழுந்து என் தலையில் தட்டினார். முரளி எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் போல ஜன்னலைப் பார்த்தான்.

மேனேஜர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "சொல்ப சொல்பமா குடிக்கணும் மேடம். காத்து பட்டாத்தான் வாசனை வரும், அதுக்குத்தான் கிளாஸைச் சுத்தறது" என்றார்.

"அப்போ தூக்கிக் குடிச்சா இன்னும் நெறைய காத்து படுமே சார்" என்றேன், மூக்கில் ஒயின் ஒழுக.

அவர் இன்னொரு நாப்கினை எடுத்து என் பக்கம் நீட்டினார். (அந்தக் கேள்விக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை, பலரிடம் கேட்டுவிட்டேன்.) நியாயமான மனிதர். "ஒயின் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று அப்பாவிடம் சொன்னார். "ஆனா கெடாம இருக்கற மருந்து போடாம எங்க ஸ்டோர்ல வெக்க முடியாது. கொஞ்சம் போட்டுக் குடுங்க, எடுத்துக்கறேன்."

முரளியின் முகம் மலர்ந்தது. அப்பா தரையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் "முடியாது சார்" என்றேன். முரளி மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். அவன் பக்கம் திரும்பி, இன்னொரு முறை தெளிவாக, "முடியாது" என்றேன்.

திரும்பும் வழியில் வேனுக்குள் அவன் வெடித்தான். "மூஞ்சியத் தொடைக்கத் தெரியல, பேச்சப் பாரு. ஒரு சிட்டிகை மருந்து போட்டா என்னடி குடி முழுகிடும்?"

நகரம் தாண்டி ஹெப்பாள் வந்ததும் அப்பா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு, "அந்த மனுஷன் புடிச்சிருந்தும் துப்பினாரு. இவ மூக்குல ஏறியும் முழுங்கினா" என்றார். "ரிசார்ட்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். மருந்தும் வேணாம், கையெழுத்தும் வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒயின் எரிச்சல் என்று முரளியிடம் சொன்னேன்.

அதன் பிறகு பாட்டில்கள் பறந்தன என்று நினைத்துவிட வேண்டாம். வெகு நாள் ஈயோட்டினோம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தையே திறந்து விட்டோம். மென்பொருள் கம்பெனிப் பிள்ளைகள் காரில் மலையேறி வந்து, கொடிகளைச் சுற்றிப் பார்த்து, குடித்துப் பார்த்து, கையோடு வாங்கிப் போனார்கள். தோட்டம் இன்றும் எங்களுடையதுதான். மருந்து போடுவதன் தீமைகளை வருகிறவர்களுக்கு முரளிதான் விளக்குகிறான், அன்று முடியாது என்று சொன்னதே தான்தான் என்பது போல.

சாப்பிடும்போது புரையேறினால் மற்ற வீடுகளில் தலையைத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் யார் என்கிற சந்தேகமே கிடையாது. "ஓட்டல் மேனேஜர் நினைக்கிறாரு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவரைப் பார்த்தே இராத முரளியின் மகள்தான் முதலில் ஆரம்பிப்பாள். புரையேறியது எனக்கென்றால் சிரிப்பு அடங்க வெகு நேரமாகும்.

நான் இருமி முடிக்கும் வரை காத்திருந்து, "நல்லா நினைக்கட்டும்" என்பேன்.