வரிசையில் மாமியார்

"என்னங்க, எங்கம்மா எங்க?"

பல் டாக்டர் சிகிச்சை அறைக் கதவைப் பாதி திறந்து, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களால் கணவரை முறைத்தாள். அந்தக் கண்களை வைத்தே மீதி முகம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடும் அளவுக்கு அவருக்கு அனுபவம் உண்டு.

"அதோ, உட்கார்ந்திருக்காங்களே."

"உட்கார்ந்திருக்கிறது எனக்கும் தெரியுது. கதவைத் திறந்ததும் முதல் ஆளா வந்தவங்க, திரையில ஏன் கடைசியில இருக்காங்க?"

புரோகிராமர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் தொங்கிய பெரிய திரையில் காத்திருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் கீழே, அடித்தட்டில், மாமியார்.

திரையை மாட்டியது அவர்தான். அதற்குப் புரோகிராம் எழுதியதும் அவர்தான். கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மனைவியின் கிளினிக்கில் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதிய முதல் சொந்தச் சரக்கு. இன்றைக்கு மாடியிலிருக்கும் கண் டாக்டர் இறங்கி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் தன் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிக்கொள்வார். அது நடந்தால் இவர் மறுபடியும் புரோகிராமர். நடக்காவிட்டால் ஊர் முழுக்க ஏற்கெனவே சொல்வதுபோல டாக்டர் வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

"பேசாம நீங்க உள்ள போயிடுங்க அத்தை," என்றார்.

மாமியார் கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பதறிப் போனார். "அதெப்படி மாப்பிள்ளை? சொந்தக்காரங்கன்னு முன்னாடி போனா மத்தவங்க என்ன நினைப்பாங்க? முறைன்னா முறைதான். திரையில பேர் மேல வந்தாதான் நான் எழுந்திருப்பேன். நீங்க அவசரப்படாம, மெதுவா பாருங்க."

'மெதுவா பாருங்க.' அந்த ஒரு சொல்லில் எத்தனை குத்தல்! புரோகிராமருக்குக் காது சூடாகியது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நேரடியாகத் திட்டாமலேயே காயப்படுத்தத் தெரிந்தவர் அந்த அம்மாள்.

"அப்ப அடுத்து பஸ் டிரைவரா? சரி, வாங்க," என்று டாக்டர் கூப்பிட வாயெடுத்தாள்.

"அஞ்சே நிமிஷம் குடு. சரி பண்ணிடறேன்."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, திரையில் மூன்றாவதாக இருந்தாலும் பல் சுத்தம் செய்துகொள்ள மட்டும் வந்திருந்த பள்ளி ஆசிரியையைக் கையோடு உள்ளே அழைத்துப் போனாள். டிரைவர் வீங்கிய கன்னத்தோடு புரோகிராமரைப் பார்த்தார். நல்ல பார்வை இல்லை.

புரோகிராமர் சங்கதியைப் புரியும்படி சொன்னால் இவ்வளவுதான். வருகிறவர்களின் பெயர்களை அந்தப் புரோகிராம் ஓர் அரேயில், அதாவது ஒரு வரிசையில், நிறுத்தி வைக்கும். அந்த வரிசையை ஆட்டிவைக்கப் புரோகிராம் மொழியிலேயே கட்டளைகள் உண்டு. கடைசியில் ஆளைச் சேர்க்க ஒன்று, அடுக்கி வைக்க ஒன்று, தலைகீழாக்க ஒன்று, நடுவிலிருந்து உருவி எடுக்க ஒன்று. போன் பேச வெளியே போகிறவர்களைப் பின்னால் தள்ளுவதற்காக, ரிசப்ஷன் பெண்ணின் கணினியில் 'கடைசிக்கு' என்று ஒரு பட்டனும் வைத்திருந்தார்.

"எங்கேயோ வரிசை கலைஞ்சிருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வந்த நேரப்படி எல்லோரையும் அடுக்கச் சொல்லி 'ஸார்ட்' கட்டளையைப் போட்டார்.

திரை ஒருமுறை மினுக்கியது. பத்து மணிக்கு மேல் வந்தவர்கள் எல்லோரும் மேலே ஏறினார்கள். ஒன்பது மணிக்கு வந்தவர்கள் எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

"தம்பி!" டிரைவர் எழுந்தே விட்டார். "நான் ரெண்டாவதா வந்தவன். இப்ப எனக்கு முன்னாடி ஆறேழு பேர். இவரு இப்பத்தான் செருப்பைக் கழட்டினாரு, இவரு பேரு மேல நிக்குது!"

"ஒரு நிமிஷம் சார், ஒரு சின்ன விஷயம்..."

சின்ன விஷயம்தான். அந்தக் கட்டளை நேரத்தை எண்ணாகப் பார்க்காது. எழுத்தாகப் பார்க்கும். பத்தை இலக்கத்தில் எழுதினால் முதலில் நிற்பது ஒன்று. ஒன்று, ஒன்பதுக்கு முன்னால் வருவதுதானே? ஆகவே பத்து மணி ஒன்பது மணிக்கு முந்தியது. இதைக் கன்னம் வீங்கிய மனிதரிடம் விளக்கிச் சொல்ல முயன்ற ஒரே மடையர் உலகத்திலேயே நம் புரோகிராமராகத்தான் இருப்பார்.

"என் கடிகாரத்துல ஒன்பதுக்கு அப்புறம்தான் தம்பி பத்து வரும்!" என்றார் டிரைவர்.

"பாவம், திட்டாதீங்க," என்று மாமியார் இடையில் புகுந்தார். "மாப்பிள்ளை கஷ்டப்பட்டுத்தானே பண்றார்? எவ்வளவு நேரம் வேணா ஆகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மறுபடியும் குத்தல்! புரோகிராமர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். நேரத்தை நிமிடக் கணக்காக மாற்றி, எண்ணாக ஒப்பிடச் சொன்னார். திரை மினுக்கியது. முதல் பெயர் மாமியார். இரண்டாவது டிரைவர். மற்றவர்கள் வந்த வரிசைப்படி.

"பார்த்தீங்களா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கண் டாக்டரைத் தெம்பாக வரவேற்கலாம் என்று எழுந்து போனார். மாமியாரும் எழுந்து, ரிசப்ஷன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்க் கேனுக்குப் போனார். அன்றைக்கு ஏனோ அவருக்குத் தாகம் அதிகம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்த புரோகிராமர், துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். திரையில் மாமியார் மறுபடியும் கடைசியில்.

"யாராவது ஏதாவது தொட்டீங்களா?"

ரிசப்ஷன் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "நானா சார்?"

"அந்தக் 'கடைசிக்கு' பட்டன் தானா வேலை செய்யுதா?"

"தானா எதுவும் செய்யல சார்," என்றாள் அவள், ரொம்ப உண்மையாக.

அத்தோடு விசாரணை முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு கோளாறு வந்தால் மனிதர்களைக் கேட்பது புரோகிராமருக்கு வழக்கமில்லை. மனிதர்கள் தப்பாகச் சொல்வார்கள், எழுதிய புரோகிராம்தான் உண்மை சொல்லும் என்பது அவர் கொள்கை. எழுதியதையே முறைத்துப் பார்த்தார். அதுவும் அவரை முறைத்தது.

கதவு திறந்தது. ஆசிரியை வெளியே வந்தார்.

"இப்பவாவது அம்மா வரலாமா?" டாக்டரின் குரலில் துளைக்கும் கருவியின் சுருதி ஏறியிருந்தது. "இல்ல, எங்க அண்ணனுக்குப் போன் பண்ணவா? அவனும் கம்ப்யூட்டர்தான் படிச்சிருக்கான்."

மைத்துனன் பெயரை எடுத்ததுதான் தாமதம், புரோகிராமருக்கு இருந்த கொஞ்ச நிதானமும் போய்விட்டது. கடைசியில் இருப்பவர் முதலில் வரவேண்டும். அவ்வளவுதானே? முழு வரிசையையும் தலைகீழாக்கிவிட்டால்? அப்புறம் மற்றவர்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். 'ரிவர்ஸ்' என்று ஒரே ஒரு வரி. ஆத்திரத்தில் அதை எங்கே எழுதக்கூடாதோ அங்கே எழுதினார். சில விநாடிக்கு ஒருமுறை திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடத்தில்.

மாமியார் மேலே வந்தார். புரோகிராமர் பெருமூச்சு விட்டார். விட்டு முடிப்பதற்குள் மாமியார் கீழே போனார். மறுபடி மேலே. மறுபடி கீழே.

கூடத்தில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? பெயர் மேலே வந்ததும் டிரைவர் எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள் பெயர் கீழே போக, உட்கார்ந்தார். அவர் உட்காரும்போது எதிர் நாற்காலிக்காரர் எழுந்தார். இவர் எழ, அவர் உட்கார, அவர் எழ, இவர் உட்கார, கூடம் முழுக்க ஏதோ உடற்பயிற்சி வகுப்பு போல ஆகிவிட்டது.

"தம்பி, பல்வலி போயிடுச்சு," என்றார் டிரைவர் மூச்சு வாங்கியபடி. "இப்ப முட்டிவலி."

மாமியார் மட்டும் எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தார் புரோகிராமர். வீட்டுக்குப் போனதும் இது எந்த உருவத்தில் வெடிக்குமோ!

"சார், கண் டாக்டர் மாடிப்படியில இறங்கிட்டாங்களாம்," என்று ரிசப்ஷன் பெண் போனை வைத்தாள்.

புரோகிராமர் மடிக்கணினி மேல் பாய்ந்தார். அந்த 'ரிவர்ஸ்' வரியைத் தூக்கி எறிந்தார். நல்ல வேளையாக, ஆட்டம் நின்றபோது மாமியார் பெயர் மேலேயே நின்றது. ஆனால் இனிமேல் அவர் அதை நம்பத் தயாராக இல்லை. அத்தையை வரிசையிலிருந்து உருவி எடுத்து, திரும்ப முதலிடத்தில் ஆணி அடித்தாற்போல வைத்துவிட வேண்டும். உருவி எடுக்க 'ஸ்ப்லைஸ்'. அதற்கு இரண்டு விவரம் சொல்ல வேண்டும்: எந்த இடத்திலிருந்து, எத்தனை பேர். அவர் முதலாவதை மட்டும் சொன்னார். எத்தனை பேர் என்று சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை அங்கிருந்து கடைசிவரை மொத்தமாக அள்ளிவிடும். முதல் இடத்திலிருந்து கடைசிவரை என்றால் கூடம் முழுவதும்தான். அள்ளியதில் மாமியாரை மட்டும் அவர் திரும்ப வைத்தார்.

திரையில் ஒரே ஒரு பெயர். மாமியார்.

மற்றவர்கள் போன இடம் தெரியவில்லை. சேமித்து வைத்த பிரதியும் கிடையாது.

அப்போதுதான் கண் டாக்டர் உள்ளே வந்தார். கூடம் நிறைய ஆட்கள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இவ்வளவு பேர் இருக்காங்க, ஒரே பேர்தான் வருது?"

"அது... ஒரு சின்ன விஷயம் டாக்டர்..."

"யாரு இவங்க?"

புரோகிராமர் குரலைத் தாழ்த்தினார். "எங்க மாமியார்."

கண் டாக்டர் மெல்லத் தலையை ஆட்டினார். "குடும்பத்துக்கு ரொம்ப உபயோகமான புரோகிராம்," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி மாடிப்படி ஏறினார்.

அந்தச் செருப்புச் சத்தம் மேலே போகப் போக, புரோகிராமரின் எதிர்காலமும் கூடவே போனது. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் டிரைவருக்கு எதிரில் அழ அவருக்கு மனமில்லை.

"அடுத்து, அம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமியார் வேகவேகமாகத் தண்ணீர்க் கேன் பக்கம் போனார். ரிசப்ஷன் பெண் கணினியில் எதையோ தட்டினாள். மறுபடியும் தட்டினாள். திரையில் அசைவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தாள். மாமியார் திரையைப் பார்த்தார். தன் பெயரைத் தவிர வேறு பெயரில்லை.

முகம் வெளுத்துப்போய், சிகிச்சை அறையை நோக்கி ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். வாசலில் நின்று மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் புரோகிராமர் அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை.

"நல்லா இருங்க மாப்பிள்ளை," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

புரோகிராமர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கண் டாக்டரும் போயாச்சு. அத்தையும் சாபம் விடாத குறை. சொல்லும்மா, இந்தப் புரோகிராம்ல உருப்படியா ஏதாவது ஒண்ணு இருக்கா?"

ரிசப்ஷன் பெண் சிகிச்சை அறைக் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னாள்:

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க, அந்தக் 'கடைசிக்கு' பட்டன் அருமை சார். பல் பிடுங்கப் பயமா இருக்குன்னு அம்மா தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் அதைத்தான் அமுக்கச் சொன்னாங்க, காலையிலேருந்து ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல!"