பத்திரம் அண்ணாச்சியும் ஆறு வார் பெல்ட்டும்

கோவில்பட்டியிலிருந்து கிளம்பிப்போய் கார் பந்தய மைதானத்தில் வண்டி ஓட்டியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியும் அவர்தான்.

அவர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. நான் அவருடைய ஆபீசில் வேலை பார்த்தேன். யாராவது எதிர்க்கடைக்கு டீ குடிக்கக் கிளம்பினால்கூட, "பத்திரம்" என்று சொல்லித்தான் அனுப்புவார். அதனால் பஜாரில் அவருக்குப் பத்திரம் அண்ணாச்சி என்றே பெயர். கடலைமிட்டாயைப் பல்லால் கடிக்க மாட்டார். உரலில் தட்டித் தூளாக்கித்தான் வாயில் போடுவார். புதூர்ப் பக்கம் மொபெட்டில் போகும்போது எதிரே ஆட்டுமந்தை வந்தால் என்ஜினை அணைத்து, இறங்கி, ஹெல்மெட்டோடு ஓரமாக நின்றுவிடுவார். ஆடுகள்தான் அவரைப் பார்த்து மிரளும்.

இப்படிப்பட்ட மனிதரைக் கோயம்புத்தூரில் இருக்கும் மருமகன் ஒருநாள் பந்தய மைதானத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அண்ணாச்சி வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

"ஏலே, அங்கன எல்லாப் பயலும் ஒரே பக்கமாத்தான் போறான். எதிர்க்க ஒருத்தன் வரமாட்டான். ஆடு கெடையாது, மாட்டுவண்டி கெடையாது, லாரி கெடையாது. விளாத்திகுளம் ரோட்டுக்கு அது எவ்வளவோ தேவலைடே!"

அடுத்த வாரமே பந்தயத்துக்கென்று பழைய சின்னக் கார் ஒன்று வந்து இறங்கியது. பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார்கள். அடுத்து பெல்ட் வந்தது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே இரண்டு என்று ஆறு வார்கள். எல்லாம் வயிற்றுக்கு நேரே ஒரே பூட்டில் வந்து சேரும்.

அண்ணாச்சியின் சம்சாரத்தை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் ஆபீசுக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவிய சொன்னா கேக்க மாட்டாவ. போகட்டும். ஆனா நீ கூடப் போயி, முழுசாக் கூட்டிட்டு வந்துருய்யா." சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று.

பெல்ட் மாட்டும் வேலை மைக்கேலிடம் வந்தது. நாகலாபுரத்துக்காரர்; லாரிக்கு பாடி கட்டுகிறவர். அவர் தோள் வார் இரண்டையும் சீட்டின் முதுகுக்கு மேலே போட்டு, பின்னால் தரைக்கு இறக்கி, போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்.

"வத்தல் மூட்டைய எப்படிக் கெட்டுதோம்? மேல போட்டு, கீழ இழுத்துல்லா கெட்டுதோம்? இனி அண்ணாச்சி அசையவே முடியாது."

பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். அண்ணாச்சி மட்டும் நம்பவில்லை. என்னை உட்காரவைத்து வார்களை இறுக்கி, "முன்னால பாயுடே" என்றார். பாய்ந்தேன். தோள் முன்னே போகவில்லை; கீழே போனது. கழுத்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. அம்மா என்று கத்திவிட்டேன்.

"மைக்கேலு, மூட்டைக்கு முதுகெலும்பு கெடையாது. இவனுக்கு இருக்கு. கழட்டு."

மறுநாள் கோயம்புத்தூர் போக வேண்டும். "இந்த ஒரு தடவை இப்படியே போயிட்டு வாங்க அண்ணாச்சி, வந்ததும் மாத்தித் தாரேன்" என்று மைக்கேல் கெஞ்சினார்.

"வராமப் போனா?"

பயணம் ரத்து. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த எனக்கு எரிச்சலான எரிச்சல்.

வேலை முதலிலிருந்து ஆரம்பித்தது. சீட்டுக்குப் பின்னால், தோள் உயரத்துக்கு ஒரு குழாயைக் குறுக்கே வைத்துக் கூண்டோடு வெல்டிங் செய்தார்கள். தோள் வார்கள் நேராகப் பின்னால் போய் அதைச் சுற்றிக்கொண்டன. இடுப்பு வார்களுக்குத் தரையில் போல்ட் போட வந்தபோதும் அண்ணாச்சி தடுத்தார்.

"மழைக்குப் பெறவு கரிசல்ல மாட்டைக் கெட்டிருக்கியாலே? கயிறு அறாது. முளையப் புடுங்கிட்டுல்லா போவும்! இந்தத் தரைத் தகரமும் அப்படித்தான், போல்ட்டப் பிச்சிக் குடுத்துரும்." தகரத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடுகள் வைத்தபிறகுதான் போல்ட் போட விட்டார்.

இடுப்பு வார் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தொந்தியில் உட்காரக் கூடாது. எனவே தொந்தியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் கீழே வாரைப் பூட்டுவேன். கால் வார்தான் பெரிய சங்கடம். வேட்டியோடு அதை எப்படி மாட்டுவது? அது இல்லாவிட்டால் இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறிவிடும் என்று தெரிந்ததும், மனிதர் கல்யாணத்துக்குக்கூடப் போடாத பேண்ட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டார். பஜாரே கடையைவிட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

ஒருவழியாக மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லா வண்டிகளும் அவரை முந்தின. ஒவ்வொன்றுக்கும் கையைக் காட்டி வழிவிட்டார். சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில், முன்னால் போன வண்டி சிந்திய ஆயிலில் அண்ணாச்சியின் கார் வழுக்கி, ஓரத்தில் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்கில் மோதி, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது.

எனக்கு மதினி முகம்தான் கண்ணில் தெரிந்தது. அங்கிருந்த ஆட்கள் பாய்ந்து போனார்கள். யார் தடுத்தும் நிற்காமல் நானும் ஓடினேன். கவிழ்ந்த காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, ஓடாத! ஆயிலு கெடக்கு, வழுக்கும்!"

தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்கூட அசையவில்லை. பூட்டில் கை வைக்கப் போனவரை அதட்டினார். "இருய்யா! மொதல்ல என்னைத் தாங்கிப் புடி. பெறவு பூட்டத் தொற."

தாங்கிப் பிடித்து இறக்கி, டாக்டரிடம் காட்டினோம். தோளில் வார் பதிந்த சிவப்பு, விலாவில் வலி. வேறொன்றும் இல்லை என்றார். அண்ணாச்சி எழுந்து, பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏலே, விலா நோவுது. விடுடே."

நான் விடவில்லை.