மனசாட்சிக்கு ஆகாத மாத்திரை

"உங்க கம்பெனி கட்டுற இன்சூரன்ஸ் இதுக்குப் பணம் தராதும்மா. கருத்தடை மாத்திரையாச்சே. உங்க முதலாளி மத நம்பிக்கையச் சொல்லி விலக்கு வாங்கியிருக்காரு."

மருந்துக்கடைக்காரர் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று மார்லிஸுக்குத் தோன்றியது. ஏனென்றால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது டோலோரஸ்.

மார்லிஸ் வேலை பார்க்கும், தேவாலயப் பாடகர்களுக்கு அங்கி தைக்கும் கம்பெனியில் டோலோரஸுக்குப் பக்கத்து மிஷின். அமெரிக்காவில், விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் ஜெபச் சங்கிலி தொடங்குவதும் அவள் தொலைபேசியில்தான். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் அவள் ஒருத்தியைக் கூப்பிடுவாள், அந்த ஒருத்தி இன்னொருத்தியை. சாப்பாட்டு நேரத்துக்குள் ஊரே முழங்காலில் இருக்கும்.

"உனக்கா மாத்திரை?" என்றாள் டோலோரஸ்.

"முகப்பருவுக்கு." மார்லிஸின் முகம் கழுவித் துடைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. கைக்காசு கொடுத்து வாங்கவும் கூச்சமாகிவிட, வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

உண்மை வேறு. குழந்தை உண்டாவதற்கான ஊசி போடுவதற்கு முன் மாதவிலக்கை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர, ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மூன்று வாரம் இந்த மாத்திரையைப் போடச் சொல்லியிருந்தார் நகரத்து டாக்டர். ஏற்கெனவே இருமுறை ஊர் அவளுக்காக ஜெபித்தது. குட்டிச் சட்டைகள் கூட வந்தன. இருமுறையும் அவற்றை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இந்த முறை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றிருந்தாள்.

மறுநாள் அவள் மிஷின் மேல் நான்கு முகக்கிரீம்கள் இருந்தன.

"பரு இல்லீங்க, ரத்தசோகை" என்று சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் வாசலில் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் நிறைந்த மூன்று தட்டுகள் இருந்தன.

கணவன் டுவேன் ருசித்துச் சாப்பிட்டான். "அடுத்து என்ன வியாதி சொல்லப்போற? மீன் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லேன்."

"அந்த மாத்திரைய நீயே போய் வாங்கிட்டு வாயேன்!"

போனான். வெறுங்கையோடு திரும்பினான்.

"கடையில ஃபாதர் நின்னாரு. யாருக்குன்னு கேட்டாரு. பதட்டத்துல நாய்க்குன்னுட்டேன்."

"நம்மகிட்ட நாயே இல்லியே!"

"அதான். ஞாயித்துக்கிழமை அதை ஆசீர்வாதம் பண்ண வர்றாராம்."

சனிக்கிழமை முதலாளி ஹெர்பர்ட் கூப்பிட்டார். மேசையில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளின் வெள்ளை உடையில், அவருடைய இரட்டைப் பையன்கள் போட்டோவில் சிரித்தார்கள். மூலையில் அவர் மனைவி நோரீன் தலை தூக்காமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கோபப்படாதம்மா. அந்த மாத்திரைக்குப் பணம் கட்ட என் மனசாட்சி ஒத்துக்கல. நாங்க ஒம்பது வருஷம் ஜெபிச்சோம். வெறும் ஜெபம்! பாரு, ரெண்டு பேரு. நீ என்னடான்னா வர்ற குழந்தைய வேண்டாங்கற."

அளவு தவறியதென்று ஒதுக்கிய மிகச் சின்ன அங்கி ஒன்று மார்லிஸின் மிஷின் இழுப்பறையில் இருக்கிறது. யாரும் இல்லாதபோது அதன் கைகளை நீவிவிடுவாள். இப்போது அது நினைவுக்கு வந்தது.

"வேணும் சார்! வேணும்னுதான் அந்த மாத்திரையே!"

ஹெர்பர்ட் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பாவம், ரத்தசோகை மூளைக்கு ஏறிடுச்சு. நோரீன், டோலோரஸுக்குப் போன் போட்டு சங்கிலிய ஆரம்பிக்கச் சொல்லு."

நோரீன் எழுந்து வெளியே போனாள்.

வேலை முடிந்ததும் மார்லிஸ் காரில் ஏறி, கிளப்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஞாயிறு. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினாள். நோரீன் ஒரு மருந்துக்கடைப் பையை அவள் மடியில் போட்டாள். உள்ளே அதே மாத்திரை, மார்லிஸின் பெயரோடு.

"காலையில போடாதே, குமட்டும்" என்றாள் நோரீன். "ராத்திரிச் சாப்பாட்டோட போடு. ரெட்டைப் பசங்களுக்கு முன்னாடி நான் அப்படித்தான் போட்டேன். ஹெர்பர்ட் இன்னிக்கு வரைக்கும் அதை வைட்டமின்னுதான் நெனச்சிட்டிருக்காரு."