சோகியின்ர முதுகு எங்கே?

பாரம்பரியத்தைக் காப்பாத்த ஒரு சபை வேணுமெண்டு போன வருசம்தான் கண்டுபிடிச்சவை. சபை வந்த கையோட தாயம் விளையாடவும் சுற்றறிக்கை வந்திட்டுது: ‘போட்டியில் உருட்டப்படும் ஆறு சோகிகளும் (சோழிகளும்) ஒரே இனத்தைச் சார்ந்தனவாயிருத்தல் வேண்டும்.’

மாட்டுப்பட்டது எங்கட உருத்திரபுரத்துச் சுப்பம்மாக்கா. இறுதிப்போட்டியில கண்டாவளை அன்னபாக்கியம் அக்காவை வெண்டு, பரிசு ரைஸ் குக்கருக்குக் கையை நீட்டுறா, “அவவின்ர சோகியில ஒண்டு வேற இனம்” எண்டு அன்னபாக்கியம் அக்கா முறைப்பாடு குடுத்திட்டா.

நடுவர் மயில்வாகனம் சேர் குக்கரைத் திருப்பி வாங்கி வச்சிட்டுச் சுற்றறிக்கையை விரிச்சார். முல்லைத்தீவுக் கரையில ஒதுங்குற சோகியில ரெண்டு வகை அச்சொட்டா ஒரே மாதிரி. முதுகில செம்மஞ்சள் வளையம் இருந்தா மோதிரச் சோகி, இல்லாட்டிப் பணச்சோகி. சேர் ஆறையும் கவிட்டுப் பாத்தார். ஒண்டிலயும் முதுகே இல்லை. பின்ன, முதுகை உடைச்சு உரஞ்சினாத்தானே தாயத்துக்குச் சோகி ஒழுங்கா விழும்!

“வளையம் இல்லைத்தானே சேர். அப்ப எல்லாம் பணச்சோகி” எண்டா சுப்பம்மாக்கா.

“வளையம் இல்லையெண்டு எழுத முதுகு இருக்கோணும் அம்மா. முதுகைக் கொண்டு வாங்கோ.”

“அது எப்பவோ உடைச்சு எறிஞ்சாச்சு.”

“எறிய ஆரிட்ட அனுமதி எடுத்தனீங்கள்?”

பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. நான் ஒரு சோகி விசரன், வீட்டு அலுமாரியில உடுப்பு வைக்க இடமில்லை. முதுகு எதுக்கு? ஓரத்தைப் பாத்தாக் காணும்! பணச்சோகியின்ர ஓரம் முண்டு முண்டாப் புடைச்சிருக்கும், மோதிரச் சோகி முட்டை மாதிரி வழவழப்பு. ஓடிப்போய்ச் சேரிட்டச் சொன்னன். சுற்றறிக்கையில ஓரம் இல்லையெண்டார். ஆனா ‘முதுகற்ற சோகிகளின் ஓரம் பற்றி ஆராயும் குழு’ ஒண்டை உடன அமைச்சார். சுப்பம்மாக்கா சோகிச் சொந்தக்காரி, அன்னபாக்கியம் அக்கா முறைப்பாட்டுக்காரி, நான் தொழில்நுட்ப ஆலோசகர்.

வெள்ளிக்கிழமை கூட்டம். சான்றுப்பொருளான குக்கர் பழுதாகாமல் இருக்கோ எண்டு பாக்கோணுமாம், சேரே அதில சக்கரைப் பொங்கல் வச்சார். பொங்கல் வேகுமட்டும் சோகியைப் பரிசோதிக்கோணும் எண்டு ரெண்டு அக்காமாரும் தாயம் உருட்டிச்சினம்.

நாலாவது சோகியைக் கையில எடுத்த உடன எனக்கு விளங்கிட்டுது. முதல் மூண்டும் முண்டு முண்டு, இதின்ர ஓரம் வழவழப்பு. அசல் மோதிரச் சோகி! சொல்ல வாயைத் துறக்க, சேர் பொங்கல் கிண்ணத்தை நீட்டினார். முந்திரிக் கஜு கனக்க.

“யோசிச்சுச் சொல்லுங்கோ தம்பி. முடிவு வந்தா குழு கலைஞ்சிடும்” எண்டார்.

வெல்லப்போற அன்னபாக்கியம் அக்காதான் முதல் வாயைத் துறந்தவா. “ஓரம் வடிவாத் தெரியேல்லை, என்ன தம்பி?”

“ஓம், அவசரப்படாதேங்கோ” எண்டா சுப்பம்மாக்கா. “குக்கர் வீட்டுக்கு வந்தா நானெல்லோ சமைக்கோணும்.”

நான் பொங்கலில ஒரு வாய் வச்சன். அப்பிடி ஒரு ருசி.

“வெளிச்சம் காணாது சேர்” எண்டன்.

வாற வெள்ளி வெளிச்சம் பற்றி ஆராய ஒரு உபகுழு கூடுது. நான்தான் தலைவர். பொங்கலுக்கு நெய் கொஞ்சம் கூட விடச் சொல்லிப் பிரேரணை குடுத்திருக்கிறன்.